பேட்டிக்கு அச்சாரம்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மேற்கே மலை முழுக்க மூட்டம், போடியில் ஒரு சொட்டு இல்லை. மண் மட்டும் கண்ணில். மதுரை பஸ்சு தாமதம், பத்திரிகைக் கட்டும் தாமதம். டீக்கடைக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள், பஸ்சை நான்தான் ஓட்டுகிறேன் என்பது போல. கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

புது நயா பைசாத் தகராறு இன்றும், அணாவுக்கு ஆறா ஏழா என்று. பேப்பர் வாங்க வருகிறவனுக்கெல்லாம் நான் கணக்கு வாத்தியார்.

மதராஸ் வாரப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம். நாடகத்திலும் சினிமாவிலும் கொடிகட்டிப் பறந்த சொர்ணவல்லி போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருப்பதாகத் தெரிகிறதாம். நான் போய்ப் பேட்டி எடுக்க வேண்டும். அந்த அம்மாளுக்குப் பணம் தருவார்களாம், நல்ல தொகை. இரண்டு நிபந்தனை. வேறு பத்திரிகைக்குப் பேசக் கூடாது. இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். அச்சானால் 'நமது போடி நிருபர்' என்று என் பெயரும் வரும். இத்தனை வருஷம் செத்தவர், பிறந்தவர், லாரி கவிழ்ந்தது எல்லாம் எழுதி அனுப்பியும் பெயர் வந்ததில்லை.

எஸ்தரிடம் சொன்னேன். "பேசுறதுக்குக் காசா? அப்ப கலியாணம் ஆன நாள்லருந்து எனக்கு எம்புட்டுத் தரணும் நீங்க?"

செய்தி விற்கிறவன் நான். செய்தியை விலை கொடுத்து வாங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன். சரியா தப்பா தெரியவில்லை. பெயர் வருகிறது, அது போதும் என்று தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தோட்ட ஆட்களோடு ஜீப்பில் மெட்டுக்கு. பதினாறு பேர் ஒரு ஜீப்பில். என் மடியில் யாருடையதோ பலாப்பழம். மேலே சோதனைச் சாவடியில் "எவிடெ போணு?" என்று மலையாளத்தில் அதட்டல். போன வருஷம் கேரளா என்று தனியாகும் வரை யாரும் கேட்காத கேள்வி.

சொர்ணவல்லி வீடு ரோட்டுக்குக் கீழே, சறுக்குகிற பாதை. தகரக் கூரை, பாதி ஓட்டை. ஏலத்தோட்டக்காரர் ஒருவருக்கு இரண்டாந்தாரமாக வந்தவர். அவர் போய்ச் சேர்ந்த பின் துண்டு நிலமும் இந்த வீடும்தான். கூட இருப்பவள் பேச்சி என்ற ஒருத்தி. சமையல், ஏலக்காய் பறிப்பு, அம்மாளுக்குக் கால் பிடிப்பது, எல்லாம் அவள். நாற்பது வயதிருக்கும். முந்தானையை வலது கையில் இழுத்துச் சுற்றியே வைத்திருக்கிறாள். குளிர்தானே என்று நினைத்தேன்.

ஆசிரியர் அனுப்பிய பணக் கவரைக் கொடுத்தேன். சொர்ணவல்லி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். பேசினார். பேச்சில் ஒன்றுமில்லை. பவுடர் ஒத்துக்கொள்ளாதது, தொண்டை கட்டியது, அட்டைக்கடி, காய் விலை. என் பென்சில் பாதி நேரம் சும்மா இருந்தது.

"இது காணாதும்மா. அவங்க கேக்குறது வேற" என்றேன். நான்தான் சொன்னேன்.

அம்மாள் கவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அச்சாரம் வாங்கிட்டு சரக்கு குடுக்காத வீடு இல்ல தம்பி இது. நாளைக்கு வாங்க."

மலையில் அது ஒரு வழக்கம். அச்சாரம் வாங்கியவன் சொன்ன நாளில் நிறுத்துக் கொடுத்தாக வேண்டும். மழையில் காய் அழுகினாலும் பக்கத்துத் தோட்டத்து மூட்டையில் கடன் வாங்கியாவது நிரப்புவான். எந்தச் செடியில் காய்த்தது என்று வாங்குகிறவன் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மறுபடி மலை. சாரல். இன்று சொர்ணவல்லி வேறு ஆள்.

நாடகத்துக்கு வருமுன் நடந்த கதையாம். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டது. புருஷன் குடிகாரன். ஒருநாள் சாயங்காலம் எரிகிற சிம்னி விளக்கைத் தூக்கி எறிந்தான். தொட்டிலில் கிடந்த ஆண்பிள்ளையின் இடது கெண்டைக்காலில் எண்ணெய் தெறித்து வெந்துபோனது. பிள்ளையை மாமியார் பிடுங்கிக்கொண்டு, இவளை அடித்து வெளியே தள்ளினாள். திரும்பி வந்தால் பிள்ளையைக் கிணற்றில் போடுவேன் என்றான் புருஷன். மலைக்கு அரிசி ஏற்றிப் போகும் பொதிமாடுகளுக்குப் பின்னால் நடந்தே ஏறினாள். பால் கட்டி, வழியெல்லாம் பாறையில் பீய்ச்சிவிட்டுக்கொண்டே.

எழுத எழுத எனக்கு அழுகை. பல் வலி மறந்தது.

பக்கத்து அறையில் பேச்சி காய் புடைத்துக்கொண்டிருந்தாள். கதை நடுவில் முறத்துச் சத்தம் நின்றுவிட்டது. அவளும் கேட்டு அழுகிறாள் போல.

செப்டம்பர் 8, ஞாயிறு

இதழ் வந்தது. என் பெயர் இருக்கிறது, சின்ன எழுத்தில், ஒரு எழுத்து விட்டுப்போய். பரவாயில்லை. ஆராதனை முடிந்து வருவதற்குள் கட்டு முழுக்கத் தீர்ந்துவிட்டது. உபதேசியார்கூட ஓசியில் ஒன்று கேட்டார்.

பஜாரில் காதில் விழுந்தவை:
"பெத்தவ பாறையில பாலப் பீய்ச்சுனான்னு வாசிக்கையில எனக்குச் சோறு எறங்கல."
"நடிகைக்கு அழச் சொல்லியா குடுக்கணும்?"
"அவளுக்குக் காசு குடுத்துருக்காகளாம்ப்பா. சும்மாவா குடுப்பாக? உண்மையாத்தேன் இருக்கும்."

எஸ்தர் வாசிக்கிற மும்முரத்தில் சோற்றைத் தீய விட்டாள். இந்த வீட்டில் அதுவே செய்தி.

செப்டம்பர் 11, புதன்

வெயில். கடை திறந்ததும் ஒரு பையன் வந்தான். பையன் என்ன, இளந்தாரி. ராசிங்காபுரம். பெயர் தவசி. கையில் கசங்கிய இதழ். வேட்டியைத் தூக்கி இடது கெண்டைக்காலைக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிய தோல்.

"எங்காத்தா செத்துப் போச்சுன்னு சொல்லித்தேன்ணே வளத்தாங்க. அப்பன் போன வருசம் சாகையில, ஆத்தா சாகல, மலைக்குப் போயிட்டான்னு சொல்லுச்சு. வெளக்கு, பொதிமாடு எல்லாம் சொல்லுச்சு. இது எங்காத்தாண்ணே."

கல்லாவை விட்டு எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். கர்த்தர் என் பென்சிலை வைத்து ஒரு பிள்ளைக்குத் தாயைக் கொடுத்தார் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஆசிரியருக்குத் தந்தியும் கொடுத்தேன்.

சாயங்காலமே பதில் தந்தி. ஞாயிறன்று மதுரையிலிருந்து போட்டோக்காரர் வருகிறார். சந்திப்பை அவர் முன்னால்தான் நடத்த வேண்டும். அம்மாளுக்கு மறுபடியும் பணம். அதுவரை பையனை மலைக்கு விடாதே.

இன்னும் நாலு நாள் அவனைத் தாயிடம் போகாமல் பிடித்து வைக்கப் போகிறேன். படத்துக்காக. எஸ்தர் கேட்டாள், "பெத்தவளப் பாக்கவும் மதராசுல உத்தரவு வாங்கணுமா?"

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. போயிருக்கலாம்.

தவசி புதுச் சட்டை. ஜீப்பில் வாய் திறக்கவில்லை. மடியில் ஒரு சீப்பு பூவம்பழம். போட்டோக்காரர் வெரசா வெரசா என்கிறார், மேகம் இறங்குகிறதாம். போனதும் முதல் வேலையாகக் கவரை நீட்டினார். அம்மாள் விவரம் தெரியாமல் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் நான் சொன்னேன், உங்கள் மகன் வந்திருக்கிறான் என்று.

சொர்ணவல்லி முகம் செத்துவிட்டது. தவசி அதற்குள் காலில் விழுந்து, "ஆத்தா" என்று ஒரு கூப்பாடு.

பேச்சி அடுப்படியிலிருந்து வந்தாள், தண்ணீர் டம்ளரோடு. விழுந்து கிடந்தவனின் காலைப் பார்த்தாள். டம்ளர் தண்ணீர் பாதி தரையில். முந்தானை நழுவிய வலது கையில் முழங்கை வரை வெந்த தழும்பு.

அம்மாள் என்னைக் காய் உலர்த்தும் அறைக்குள் இழுத்தார். "அது என் கதை இல்ல தம்பி. பேச்சி கதை. எரிஞ்ச எண்ணெயில கைய விட்டுப் புள்ளையத் தூக்குனவ அவ. எங்கிட்ட மட்டும் சொன்னது. என்கிட்டச் சரக்கு இல்ல, அச்சாரம் வாங்கிட்டேன். அவ கதைய எடுத்து நெரப்பிட்டேன். அந்தக் கைய மட்டும் சொல்லல. என் கைய ஊரே பாத்திருக்கே."

"இப்பவே அவன்கிட்டச் சொல்லுங்கம்மா."

"ரெண்டாவது அச்சாரமும் குடுத்துட்டீங்களே. கூரைத் தகரத்துக்குச் சொல்லிட்டேன்."

வெளியே போட்டோக்காரர் கத்துகிறார். நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். சொல்லவில்லை. அம்மாள் போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார், நிஜக் கண்ணீர்தான். இடது பக்கம் தவசி. வலது பக்கம் பேச்சி, டம்ளரோடு, நகரச் சொல்ல யாருக்கும் தோன்றாமல். விளக்கு பளிச்.

தவசி டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜீப்புக்கு ஏறும் பாதையில் பேச்சி பின்னாலேயே வந்தாள். அவன் முன்னால் போய்விட்டான். "நல்லா வளந்துட்டான்" என்றாள். "எனக்கு வாயி வரல ஏசண்டய்யா. நீங்க சொல்லிருங்க. ஆற அமரச் சொல்லுங்க, பயந்துருவான்."

சொல்கிறேன் என்றேன். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் வாயைத் திறந்தேன். என் பக்கத்தில் அவன் பாடிக்கொண்டு வந்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

பல்லைப் பிடுங்கியாயிற்று. வலி போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஆசிரியருக்கு நான்கு பக்கம் எழுதினேன். கதை அம்மாளுடையது அல்ல, படத்தைப் போடாதீர்கள், போட்டால் மூன்று பேரையும் போட்டு உண்மையை எழுதுங்கள்.

காசு கொடுக்காமல் போயிருந்தால் அந்த அம்மாள் தொண்டை கட்டியதைச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பியிருப்பார். பேச்சி கதை பேச்சியிடமே இருந்திருக்கும். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதி அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பதில். மூன்று வரி. பணம் பெற்றுக்கொண்டு தந்த பேட்டி பத்திரிகையின் சொத்து. படம் அச்சில் இருக்கிறது. ஏஜென்சி தொடர விருப்பமா?

எஸ்தருக்கு வாசித்துக் காட்டினேன். "ஏசண்டு போனாப் போகட்டும். வேற சோலி இல்லையா ஊருல? அந்தப் பயகிட்டப் போயிச் சொல்லுங்க." சரி என்றேன். கோழிக்கூண்டுக் கதவைச் சரிபண்ணினேன். நாள் போயிற்று.

செப்டம்பர் 29, ஞாயிறு

இதழ். அட்டையிலேயே படம். தாயும் மகனும். பேச்சியை வெட்டிவிட்டார்கள். முழுதாக இல்லை. வலது ஓரத்தில் டம்ளர் பிடித்த ஒரு கை மட்டும், முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை.

முன்னதைவிட இரண்டு மடங்கு கட்டு. எல்லாம் விற்றது.

அக்டோபர் 1, செவ்வாய்

ராசிங்காபுரம் போனேன், ஒருவழியாக. தவசி வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை, கஞ்சிப் பசை போட்டு. சுற்றி ஆள். இத்தனை நாள் பெண் தர மறுத்த வீட்டிலிருந்து இப்போது ஆள் வந்திருக்கிறதாம், மாமியாருக்கு எஸ்டேட் இருக்கிறதே என்று.

கிணற்றடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். ஆற அமர, அவள் கேட்டுக்கொண்டபடி. முழுதும் கேட்டான். சிரித்தான்.

"சும்மா வந்த சேதின்னா சந்தேகப்படலாம்ணே. காசு குடுத்து வாங்குன சேதி. பொய்க்கு எவனாச்சும் காசு குடுப்பானா?"

"படத்துல அந்தக் கையப் பாரு தவசி. தழும்பு தெரியுது பாரு. உன்னத் தூக்குன கை."

"அது மை அப்பிக் கெடக்குண்ணே."

சொர்ணவல்லியிடமே கேள் என்றேன். போன வாரமே போய்ப் பழைய கதையெல்லாம் கேட்டானாம். தலையைத் தடவி அழுதாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். நான் விடவில்லை. அவன் முகம் மாறியது.

"அந்த வேலைக்காரி இதச் சொல்லச் சொல்லி ஒங்களுக்கு எம்புட்டுண்ணே குடுத்தா?"

அந்தக் கேள்வியை அவனுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நடந்தே போடிக்கு. ஆத்திரம் அவன் மேல் வரவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

இரவெல்லாம் மழை, காலையில் விட்டது. சிலமலை டீக்கடைக்காரர் பேப்பர் பாக்கி கொடுக்கவில்லை. எஸ்தருக்குச் சளி.

பதினொரு மணிவாக்கில் கடைக்கு முன்னால் பேச்சி, கையில் துணி மூட்டை. சொர்ணவல்லி வீட்டை விட்டு வந்துவிட்டாள். பூப்பாறைப் பக்கம் வேறு எஸ்டேட்டில் காய் எடுக்கப் போகிறாளாம். "அம்மா மேல கோவமில்ல. அங்கன இருந்தா அவன் வாறப்பல்லாம் தண்ணி குடுக்கணும்ல."

பிறகு கேட்டாள். "சொன்னீகளா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"யோசிக்கிறான் ஆத்தா. மெதுவாத்தான் வரும்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இதழைக் கேட்டாள். எனக்கென்று ஒன்று ஒதுக்கி வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். கல்லாப் பலகையில் விரித்து, ஓரத்தில் விரலை வைத்தாள்.

"என் கை விழுந்துருக்கு. தழும்புகூட விழுந்துருக்கு பாருங்க."

அட்டையை மடித்தாள். நடுவில் இருந்த சொர்ணவல்லி மடிப்புக்குள் போகும்படி, நகத்தால் அழுத்தி அழுத்தி. இப்போது தவசி முகமும் அந்தக் கையும் பக்கத்தில் பக்கத்தில். டம்ளர் அவன் வாய்க்கு நேரே வந்தது. அப்படியே மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

காசு வேண்டாம் என்றேன். பலகையில் வைத்துவிட்டு ஜீப்பைப் பிடிக்கப் போய்விட்டாள்.