மேல் வரியில் உன் பெயர்

மாப்ள,

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் மாட்ட ஒரு பெண் வந்தாள். பழைய மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். செல்லோடேப் மஞ்சளாகியிருந்தது, காகிதத்தில் ஃபிளக்ஸ் மையின் வாசம் மட்டும் போகவில்லை. மொத்தம் நாலு வரி. "அண்ணே, ஃபில்டர் ரூலை இம்புட்டுச் சுத்தமா எழுதியிருக்காங்களே, யாருண்ணே?" என்று கேட்டாள். "நான்தாம்மா" என்றேன். ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் என்பதைச் சொல்லவில்லை. நாலில் மூன்று வரி உன்னுடையது என்பதையும் சொல்லவில்லை. கோபிக்காதே.

அவனியாபுரத்தில் நாம் ஃபிளக்ஸ் பேனர் கடை போட்டபோது உள்ளறையில் நீ டிசைன், முன்னறையில் நான் வாய். உன் கம்ப்யூட்டரில் நீ செய்ததெல்லாம் என் கம்ப்யூட்டருக்குத் தானாக வந்துசேர ஒரு சாப்ட்வேர் போட்டுவைத்தாய். வந்ததை மெஷினில் விட்டு அடிப்பது என் பொறுப்பு. அதே திரையில்தான் கல்யாண வீட்டாருக்கு மாடலும் காட்டுவேன். வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். ரோஜா மாடல், யானை மாடல், அரண்மனை மாடல் என்று நான் தட்டிக்கொண்டே போக, திடீரென்று கறுப்புக் கட்டம், குத்துவிளக்கு, 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் ஒரு பெரியவர் சிரிக்கிறார். பெண்ணின் அத்தை எழுந்துவிட்டார்.

"எந்திரிங்கப்பா! நல்ல காரியம் பேச வந்த எடத்துல எழவு முகத்துலயா முழிக்கணும்?"

"உக்காருங்கத்தா, பெரியவரு ஆசீர்வாதம் பண்ண வந்திருக்காரு" என்றேன் நான்.

அதற்கப்புறம் வேன் நிற்கவே இல்லை. நேரே எதிர்க்கடை வாசலில் போய் நின்றது.

நீ உள்ளறையிலிருந்து வந்து, வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். "ஒன் வாய்க்கு ஃபில்டர் போட முடியாது மாப்ள. கம்ப்யூட்டருக்குப் போடலாம்" என்றாய்.

அன்று மாலையே ஃபைல் பெயர்களையெல்லாம் ஒழுங்கு பண்ணினாய். ஒவ்வொன்றும் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் என்று தொடங்கும், அடுத்து வீட்டுக்காரர் பெயர். அடித்துக் கொடுத்தாகிவிட்டால் முன்னால் 'முடிஞ்சது' என்று சேரும். பிறகு மூன்று ரூல்; அதையே காகிதத்திலும் எழுதி என் மானிட்டரின் முதுகில் ஒட்டினாய். கண்ணீர் என்று தொடங்கினால் முன்னறைக்கு வராதே. முடிஞ்சது என்று தொடங்கினால் வராதே. மற்றதெல்லாம் வா. சாவு பேனரை மட்டும் நீயே பென் டிரைவில் எடுத்துவந்து கொடுப்பதென்று ஏற்பாடு.

எனக்குச் சந்தேகம். "மூணாவது வரி எல்லாரையும் வான்னு கூப்புடுதே, கண்ணீரும் உள்ள வந்துராது?"

"வராது. மேலேருந்து கீழ படிக்கும். மொதல்ல எந்த வரி பொருந்துதோ அதுதான் தீர்ப்பு. கீழ உள்ளதைத் திரும்பிக்கூடப் பாக்காது."

"பந்தி வாசல்ல நிக்கிற மாமன் மாதிரி. அவரு மறிச்சுட்டா உள்ள பரிமாறுறவன் கூப்பிட்டு என்ன ஆகப்போவுது?"

நீ திரும்பி, உங்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ சொன்னாய். திட்டுகிறாயா என்றேன். "திட்டுனா தமிழ்லதாண்டா திட்டுவேன். புத்திசாலின்னு சொன்னேன்." அது நிஜமா என்று உன் சாதிசனம் ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். கேட்டதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

அதன் பிறகு நம் கடையில் கல்யாணமும் சாவும் முட்டிக்கொண்டதே இல்லை. எதிர்க்கடையில் டிகிரி படித்தவர்கள் மூன்று பேர்; அவர்களுக்கு இது தோன்றவில்லை. மறு வருஷம் அதே அத்தை பேரனுக்குக் காதுகுத்து என்று வந்து நின்றார். "அந்தக் கடையிலயும் எழவுதான்யா காட்டுனான். இங்கதான் சுத்தமா இருக்குன்னாக" என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நீ உள்ளே மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தாய். எனக்கிருந்த பெருமையில் பாதிகூட உனக்குக் கிடையாது மாப்ள.

நீ போன அன்று காலை வண்டியூரில் உன் வீட்டில் கூட்டம். மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். உன் தம்பி என் கையைப் பிடித்து, "அண்ணே, பேனர் நம்ம கடையிலதானே?" என்றான். "பெறகு?" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவனுக்கு எதிர்க்கடையிலா அடிப்பது?

போட்டோ மாற்ற, பெயர் மாற்ற எனக்கு நீ பழக்கிவிட்டிருந்தாய். உன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வழியாகச் செய்தேன். முன்னறைக்கு வந்து பார்க்கிறேன், ஃபைல் வரவில்லை. பந்தி வாசல் மாமன் மறித்துவிட்டார். பென் டிரைவ் உன் சாவிக்கொத்தில், சாவிக்கொத்து உன் வீட்டில். மணி பன்னிரண்டு.

ரூல் பக்கத்தைத் திறந்தேன். உன் பெயரை எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டி, நீ ஃபைல் தேடும்போது செய்வதைப் போல முன்னாலும் பின்னாலும் ஒரு நட்சத்திரம் போட்டு, 'வா' என்று நாலாவது வரியாகச் சேர்த்தேன். வரவில்லை. அப்போதுதான் காதில் விழுந்தது, மேலேருந்து கீழ படிக்கும். அந்த வரியை ஏற்றி ஏற்றி உச்சியில் வைத்தேன். வந்துவிட்டாய். யாரையும் கூப்பிடாமல் நானே செய்தது. அழுதுகொண்டே காலரைத் தூக்கிவிட்டேன். காகிதத்தில் உன் மூன்று வரிக்கு மேலே கோணல் கையெழுத்தில் இருப்பது அந்த வரிதான். புதுக் கம்ப்யூட்டரிலும் அதையே முதல் வரியாகப் போடச் சொன்னேன். "இந்தப் பேர்ல இப்பப் புதுசா ஒரு ஃபைலும் வர்றதில்லையேண்ணே?" என்றாள் அந்தப் பெண். "வந்தா வரட்டும்மா" என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னும் நட்சத்திரம் போட்டால், பெயர் எங்கே இருந்தாலும் அந்த ஃபைல் வந்துவிடுமாம். உன் வீட்டுப் புதுமனை புகுவிழா பேனரும் முடிஞ்சதிலிருந்து கிளம்பி வந்திருக்கிறது. அழுகை கண்ணை மறைத்ததில், வந்த இரண்டையும் மெஷினில் விட்டேன். பேனர் கட்டுகிறவர், நான் கொடுத்ததைக் கட்டினார். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி. வீட்டு வாசலில் நீ பட்டு வேட்டியில் கைகூப்பி, 'அனைவரும் வருக வருக' என்று நின்றாய்.

நிறையப் பேர் வந்திருந்தார்கள்.