முன்குழாயில் யார் பெயர்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து சைக்கிள் ஃபிரேமில் ஒரு ஜாயின்ட்கூட உருப்படியாக வரவில்லை. பித்தளை உருகி ஓட வேண்டிய இடத்தில் திரண்டு நிற்கிறது. கை சரியாகத்தான் இருக்கிறது. மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

அண்ணன் மறுபடியும் அதே பேச்சு. வடக்கே இருக்கும் ஒரு சைக்கிள் கம்பெனிக்கு அப்பாவின் பெயர் வேண்டுமாம். பட்டறை வேண்டாம், நான் வேண்டாம். 'ஆறுச்சாமி' என்ற பெயர் மட்டும் போதும். தங்கள் ஆலையில் செய்யும் ஃபிரேமில் அதை ஒட்டி ஊர் ஊராக விற்பார்களாம்.

"அப்பா பேரு இந்த ஒண்டிப்புதூர்ச் சந்தோடயே நின்னு போகோணுமா பாப்பா?" என்கிறார்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. பெயரையும் கொடுத்துவிட்டால் என் ஃபிரேமில் எதை ஒட்டுவது? பிரவீனா ஃபிரேம் என்று யார் கேட்டு வரப்போகிறார்கள்?

ஜூன் 14, சனி

கொடுக்க மாட்டேன். சொல்லியும் விட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கோபியிலிருந்து தமிழ்ச்செல்வன் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அவருக்கு ஃபிரேம் செய்தபோதே அப்பாவுக்குக் கை நடுக்கம், ஒட்டுகிற கேஸ் டார்ச்சைப் பிடிக்க முடியாது. கடைசி வருஷங்களில் வெளியே போனதெல்லாம் நான் ஒட்டியது. ஹேண்டில்பாருக்குக் கீழே முன்குழாயில் இருக்கும் பெயர்த்தகடு மட்டும் அப்பாவுடையது.

சார் தன் சைக்கிளின் ஜாயின்டைத் தடவிப் பார்த்து, "அப்பா கை கைதானுங்க அம்மணி. இனி இப்புடி யாரு ஒட்டுவாங்க?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன். ஏன் சொன்னேன்? செத்துப்போன அப்பாமேல் பொறாமைப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 28, சனி

கம்பெனியின் மாதிரி ஃபிரேம் வந்துவிட்டது. நான் மாட்டேன் என்றது அண்ணன் காதில் ஏறவே இல்லை போல. மயில்கழுத்து நிறம். முன்குழாயில் அப்பா பெயர், எங்கள் தகட்டைவிட அழகாக. போர்வை போட்டு மூடிவைத்து, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஈரோட்டுக்குப் போய்விட்டார்.

பெயின்ட் பூசிய ஃபிரேமை அப்பா நம்ப மாட்டார். வெறும் இரும்பாக இருக்கும்போதே சக்கரம் மாட்டிப் பல்லடம் வரை ஓட்டிப் போய் வருவார். போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது பாலக்காட்டுக் காற்று நெஞ்சில் அடிக்கும், எழுந்து நின்று மிதிக்க வேண்டும். அப்போது ஜாயின்ட் முனகினால் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். முனகாவிட்டால்தான் பெயின்ட், பெயர்த்தகடு எல்லாம்.

உப்புத்தாளை எடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

பெயின்டை முழுசாகத் தேய்த்து எடுத்துவிட்டேன். தகட்டையும் கழற்றிவிட்டேன். அண்ணன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அது ஷோரூம்ல வெக்கறதுக்கு வந்த பீஸு. உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"ஓட்டிப் பாக்காம எப்புடிங்ணா அப்பா பேர ஒட்டறது?"

அம்மா உள்ளேயிருந்து, "தேச்சது தேச்சுப்போட்டா. ஓட்டியாச்சும் பாக்கட்டும், உடு" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

பல்லடம் போய் வந்தேன். முனகட்டும், முனகட்டும் என்று வேண்டிக்கொண்டே மிதித்தேன். காரணம்பேட்டைக்கிட்ட வேண்டுமென்றே குழியில் இறக்கினேன். கோழி லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான். எதிர்க்காற்றில் நின்று மிதித்துக் கால் கடுத்ததுதான் மிச்சம். ஒரு சத்தம் இல்லை.

நல்ல ஃபிரேம். எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அப்பா இருந்திருந்தால் தகட்டை ஒட்டியிருப்பார்.

பாவிகள்.

ஜூலை 9, புதன்

அப்பா பெயரை அந்த ஃபிரேம் தாங்கும். அப்புறம் எதற்கு எனக்கு இவ்வளவு ஆங்காரம்? தகடு இல்லாவிட்டால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள் என்ற பயம்தான். வேறொன்றுமில்லை.

அண்ணனிடம் சொன்னேன் — பெயர் கம்பெனிக்கு, பட்டறை எனக்கு.

"அப்பறம் உன்ற ஃபிரேம யாரு வாங்குவா பாப்பா?"

தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

ஆகஸ்ட் 9, சனி

பெயரைக் கம்பெனிக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டதிலிருந்து ஒரு ஆர்டர்கூட இல்லை. சும்மா டார்ச்சைத் துடைத்து வைக்கிறேன், மறுபடி துடைக்கிறேன்.

இன்று தமிழ்ச்செல்வன் சார் வந்தார். மகள் இளவேனிலுக்கு ஒரு ஆறுச்சாமி ஃபிரேம் வேண்டுமாம்.

"அது இனிக் கடையில கெடைக்குமுங்க சார். நல்ல ஃபிரேம்தான், நானே ஓட்டிப் பாத்தேன். இங்க செய்யறது என்ற ஃபிரேமுங்க. உங்க சைக்கிளும் நான் ஒட்டுனதுதானுங்க."

அவர் குனிந்து தன் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊட்ல கேட்டுப்போட்டு வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார்.

போச்சு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சார் மகளோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிற்கச் சொல்லி அளவெடுத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இளவேனிலின் ஃபிரேம் போன வாரம் சூலூர்கிட்ட முனகியது. அறுத்து மறுபடி ஒட்டினேன். இன்று பல்லடம் போய்த் திரும்பினேன். காற்று மட்டும்தான் கேட்டது.

சின்னப் பெண்ணின் ஃபிரேம், முன்குழாய் குட்டை. 'பிரவீனா' என்று முழுசாகப் போட இடம் பத்தாது, சுருக்கிப் போடு என்கிறார் அண்ணன்.

பத்தும். அளந்து பார்த்துவிட்டேன்.