செவலையின் காதுக்குப் பின்னால்

செம்மநத்தம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மேனகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க சேர்வராயன் துணை. இதைப் போனில் சொல்ல முடியவில்லை கண்ணு. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அவளுக்கும் இது தெரியாது.

மழை பரவாயில்லை. மிளகு பூ எடுத்திருக்கிறது. மாட்டு அம்மைதான் அடங்கவில்லை. சந்தை மூடி இரண்டு மாதம். ஓர் ஊர் மாட்டை இன்னோர் ஊருக்கு ஓட்டக்கூடாது என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொன்னார்கள், ரோட்டில் தடுப்பும் போட்டிருக்கிறார்கள். ஊசி போட வந்த டாக்டரம்மா, ஒரு மாசம் எங்கயும் ஓட்டாதீங்க என்று என்னிடமே சொன்னார். தலையாட்டினேன். ஆனால் கண்ணாயி அத்தை மகள் கவிப்பிரியாவுக்குப் பிள்ளை பிறந்து அப்போது இருபத்தேழு நாள். முப்பதுக்குள் மாமன் வீட்டுப் பால்மாடு போய்ச் சேர வேண்டும், நம் வழக்கம் உனக்குத் தெரியும். வாழவந்தி டீக்கடையில் மாரிசாமி, ஏனுங்க, மாமன் ஊட்டு மாடு நடந்து வருதா, பஸ்ஸுல வருதா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் விடியலில் நம் செவலைப் பசுவைக் கன்றோடு காப்பி எஸ்டேட் குறுக்குவழியில் அத்தை ஊருக்கு ஓட்டிப் போனேன்.

அதற்கு முந்தின நாள் நீ செவலையை வீடியோவில் பார்த்தாய். காதுக்குப் பின்னால என்னப்பா தடிப்பா இருக்கு என்றாய். உண்ணிக்கடி என்றேன். எனக்கும் சந்தேகம் இருந்தது. உற்றுப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓட்ட முடியாது. வேப்பெண்ணெய் தடவினேன், மயிர் படிந்து மறைந்துவிட்டது.

நாலாம் நாள் செவலைக்கு உடம்பெல்லாம் கட்டி. அது தேறிவிட்டது. அத்தையின் உழவு மாடு இரண்டும் படுத்தன. ஒன்று வியாழக்கிழமை செத்தது. மற்றது எழவில்லை. கேழ்வரகு போட வேண்டிய நிலம் அப்படியே கிடக்கிறது. புதைத்த அன்று போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணா, நீங்க குடுத்த சீரு எங்க ஊட்டுக்கு வந்து நோவு வாங்கிக்கிச்சே, மனசுல வெச்சுக்காதீங்க என்றாள். என்னிடம் மன்னிப்பு கேட்கிறாள். வுடு கண்ணாயி என்று மட்டும் சொன்னேன். திரும்பும்போது ஒரு பலாப்பழம் கொடுத்து அனுப்பினாள். அம்மா அறுத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நம் மாடுகளை ஓட்டிப்போய் அவளுக்கு உழுது கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதே தப்பு. அதனால் நாளை விடியற்காலை பஸ்ஸில் மண்வெட்டியோடு போகிறேன். கொத்துவது எனக்குக் கஷ்டம் இல்லை. நேற்றும் சொல்லத்தான் கிளம்பினேன், டீக்கடை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு சாமி. டூட்டி முடிந்தால் தூங்கு. நீ நல்லா இருக்கணும். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். வந்ததும் அத்தைக்குப் போன் போடு. காதுக்குப் பின்னால் இருந்ததை அப்பா சொன்னாரா என்று கேள். சொல்லவில்லை என்றால் நீ சொல்லிவிடு.

உன் அப்பா
மாதேஸ்வரன்