கேட்காமல் விட்ட பதினொரு கேள்விகள்

ஜூன் 3, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஞாயிறோடு லீவு முடிகிறது, திங்களிலிருந்து படகேறி ஐலண்டில் ஆபீஸ். அம்முவுக்குப் பதினாலு மாசம். அதற்குள் பகலில் அவளை விட ஓர் இடம் பார்த்தாக வேண்டும்.

கேள்விகள் எழுதிக்கொண்டேன், பதினொன்று. ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தை? வாசல் கதவு யார் பொறுப்பு? எல்லோருக்கும் ஒரே ஸ்பூனா? அழுதால் என்ன செய்வார்கள்? சொல்லாமல் வந்து பார்க்கலாமா? மீதி தாளில்.

இடம் 1: கடைத்தெரு, மாடி. படிக்குத் தடுப்பே இல்லை. வாசலோடு திரும்பிவிட்டேன்.

இடம் 2: தோப்பும்படி, சிசிலிச் சேச்சி வீடு. இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகும் பெண்களின் குழந்தைகள். தெருமுனையிலேயே மீன் நாற்றம். பதினொன்றையும் போலீஸ்காரி மாதிரி கேட்டேன். பொறுமையாகப் பதில். கக்கூஸைத் திறந்து காட்டினாள், மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே நாற்றமே இல்லை என்பது வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. எந்நேரமும் வரலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்றாள். எல்லாவற்றுக்கும் டிக். ஆனாலும் ஒரு குழந்தையின் கன்னத்தில் மத்திக் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. நம் அம்மு அங்கேயா? சீ. வந்ததும் குளித்தேன்.

ஜூன் 4, வியாழன்

இடம் 3: இங்கேயே, மட்டாஞ்சேரியில், இரண்டு தெரு தள்ளி. மீனாட்சி மாமி. நம் மனுஷா. வாசலில் கோலம், உள்ளே ஊதுபத்தி. ஐந்து குழந்தைகள் வரிசையாக, சத்தமே இல்லாமல். ஒன்று ஸ்லோகம் சொல்லிற்று.

டபராவில் காபி. மாமியின் ஓர்ப்படி பாலக்காட்டில் என் பெரியம்மாவுக்கு அடுத்த வீடாம். பேச்சு அப்படியே போய்விட்டது. தாள் கைப்பையிலேயே இருந்தது, எடுக்கக் கூச்சம். நடுவில் வராதே, குழந்தை ஏங்கிடும், அஞ்சு மணிக்கு வந்தால் போதும் என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

ராத்திரி வீட்டுக்காரர் க., எல்லாம் கேட்டாயா என்றார். நம்மவர்களிடம் என்ன கேட்பது என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

வாங்க: டயபர், கொசுவலை, எனக்கு ஒரு குடை.

ஜூன் 8, திங்கள்

விடும்போது அழுதாள். நானும், படகுத்துறை வரை. ஆபீஸில் என் நாற்காலியை யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஒரு பக்கம் ஆடுகிறது.

அஞ்சு மணிக்கு அம்மு குளித்து, தலைவாரி, மைப்பொட்டு. ரொம்பச் சமர்த்து என்றாள் மாமி. பெருமையாக இருந்தது. இடது கணுக்காலில் சிவப்புத் தடம். கொலுசு இறுக்கம் போல. கழற்றி வைத்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

கொலுசு இல்லை. தடம் இருக்கிறது. கொசுவோ? எண்ணெய் தடவினேன். வீட்டில் நடக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். க.விடம் சொல்லவில்லை.

ஜூன் 10, புதன்

அம்முவைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன்.

பெருமழை, ஒரு மணிக்கே ஆபீஸ் மூடினார்கள். நேரே மாமி வீடு. முன்கதவு உள்ளே தாழ், தட்டியும் திறக்கவில்லை. பக்கச் சந்து வழியாக ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

ஆறு குழந்தைகள். ஒவ்வொன்றின் காலிலும் வேஷ்டிக் கிழிசல், மறுமுனை ஜன்னல் கம்பியில். மாமி ஒரே கிண்ணம், ஒரே ஸ்பூனோடு வரிசையாக மோர்சாதம் ஊட்டிக்கொண்டு போகிறாள். மூக்கொழுகுகிற குழந்தையின் வாயிலிருந்து அம்மு வாய்க்கு. அம்மு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஈரமான டயபர் முட்டிவரை தொங்கிற்று.

கத்தினேன். மாமி நிதானமாக வந்து கதவைத் திறந்தாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"பழைய வேஷ்டிதானே ராஜி, நல்ல பருத்தி, நோகாது. அடுக்களைக்குள்ள ஓடிடப்படாதோன்னோ. நம்மாத்துல எல்லாரையும் இப்படித்தானே வளத்தோம்."

பிறகு, நனைஞ்சுட்டியே, ஒரு வாய் காபி குடி என்று டபராவை நீட்டினாள். என் கை அதை வாங்கப் போயிற்று. ஒரு நொடிதான், ஆனால் போயிற்று. மாமியை நினைத்தால் குமட்டுகிறது. அந்தக் கையை நினைத்தால் அதைவிட.

முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால்தான் அவிழ்த்தேன்.

ஜூன் 11, வியாழன்

லீவு சொன்னேன். குழந்தைகள் ஹெல்ப்லைனுக்கு போன், எல்லாம் எழுதிக்கொண்டார்கள். மாலைக்குள் ஸ்லோகம் சொன்ன குழந்தையின் அம்மா கூப்பிட்டாள். நமக்குள்ள பேசித் தீர்த்திருக்கலாமே, வெளியாள் கிட்டே போகணுமா என்றாள். உன் பெண்ணின் கணுக்காலைப் பார் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

மழை விட்டிருந்தது. தோப்பும்படி. அதே மீன் நாற்றம். இந்தத் தடவை மூக்கைப் பொத்தவில்லை.

தாளை எடுக்கப் போனேன். அன்றைக்கே எல்லாம் கேட்டாயிற்றே, இன்று என் முறை என்று மலையாளத்தில் சொன்னாள் சிசிலிச் சேச்சி. அம்முவின் சட்டையைக் கழற்றி உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். புதிதாக வருகிற எந்தக் குழந்தைக்கும் அப்படித்தானாம், உடம்பில் முன்பே இருப்பதையெல்லாம் எழுதி வைப்பாளாம். கொசுக்கடி, முதுகில், இரண்டு. மச்சம் ஒன்று. கணுக்காலில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான்தான் சொன்னேன். எழுதினாள்: இடது கணுக்கால், துணியால் கட்டிய தடம், வரும்போதே இருந்தது.

"ஒப்பிடு மோளே."

கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டைத் திருப்பி வைத்தாள். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.