மூன்றாம் ஓலைக்கு முன்

சுங்கை லாலாங்,
19 டிசம்பர் 1984

அன்பு மகள் ஜெனவீவுக்கு,

அப்பா எழுதுவது. மாதா துணையால் இங்கே எல்லாரும் சுகம். எடின்பர்க் குளிரில் உன்னையும் அந்தத் தாயே காக்கட்டும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கல்யாணத்தை ஈஸ்டருக்கு அப்புறம் வைக்கலாமா என்று கேட்கிறாய். இங்கே கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டிய உன் கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று! தேதிக்கு உன் பதில் வரட்டும் என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஜனவரி பன்னிரண்டை விட்டால் மண்டபம் கிடைக்காது, பிறகு தவக்காலம் என்று பதறிப்போய் பாதரிடம் தேதியைக் கொடுத்தவன் நான்தான். அவசரக் குடுக்கை என்று அவள் திட்டுவது நியாயம்தான்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம் வந்தது. அதே வாரம் ஹவாய் மலையில் மூன்று ராத்திரி தொலைநோக்கி கிடைத்ததென்று கல்யாணத்தைத் தள்ளுவாளா என்று கத்தினேன். கடிதத்தை ஒழுங்காகப் படியுங்கள் என்றாள் அம்மா. அகராதியும் கையுமாகப் படித்தேன். நீ பார்க்கப்போவது குட்டிக் குட்டி விண்மீன் மண்டலங்கள்; அவற்றில் இரும்பு, ஆக்சிஜன் எல்லாம் மிகக் குறைவு (ஆக்சிஜனையும் உலோகம் என்கிறீர்களாமே, நல்ல படிப்பு!). புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருப்பதால், அந்த நீல வெளிச்சத்தில் மண்டலமே நேற்றுப் பிறந்ததுபோலத் தெரியும். அகச்சிவப்பில் பார்த்தால்தான் உள்ளே பழைய நட்சத்திரங்களும் இருக்கின்றனவா என்று தெரியும். சரிதானே? தப்பென்றால் சிரிக்காதே.

நேற்று பஸ் பிடித்து அலோர் ஸ்டாருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஓலை பாதியில் நின்றால் ஜனங்கள் என்ன பேசும் என்று சம்பந்தியம்மா அகத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். நட்சத்திரத்துக்கு வயது பார்க்கவா போகிறாள், என் வயதை மட்டும் கேட்காமல் இருக்கட்டும் என்று சொல்லிச் சிரித்துவிட்டார்கள். கோழிக்கறியோடு சாப்பாடும் போட்டார்கள். ஈஸ்டர் கழித்தே வைக்கலாம் என்று மாப்பிள்ளை கென்னத்தும் சொல்லிவிட்டார். இன்று காலை பாதரிடம் சொல்லி மூன்றாம் ஓலையை நிறுத்திவிட்டேன்.

தம்பி டக்ளஸுக்கு சுங்கைப் பட்டாணி பேக்டரியில் வேலை கிடைத்துவிட்டது. அம்மா கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுடுகிறாள். வீடெல்லாம் எண்ணெய் வாசம்.

இன்னொன்று. பஸ் ஏற்றிவிட வந்த கென்னத், தொலைநோக்கி மட்டும்தான் காரணமா மாமா என்று கேட்டார். வேறென்ன என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஜூலையில் நிச்சயம் செய்தபோது நீ தலையாட்டினாய், அது போதும் என்று இருந்துவிட்டேன். வாய் திறந்து உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, மகளே.

மலைக்குப் போகுமுன் அவருக்கு நீயே எழுதிவிடு. நல்ல பையன், காத்திருப்பார். உனக்கு மனமில்லை என்றால் அதையும் எழுது. ஊர்ப் பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த மூன்று ராத்திரியும் மேகம் கூடாமல் இருக்க அம்மாவும் நானும் ஜெபமாலை சொல்கிறோம். கல்யாணம் உண்டோ இல்லையோ, ஈஸ்டருக்கு வீட்டுக்கு வா.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
இஞ்ஞாசிமுத்து