பட்டியலில் பிளசி

ஜூன் 9, திங்கள்

கம்பைநல்லூரில் இன்று ஏழு வீடு. அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மாற்றுவதற்கு முன்பு விசாரித்த அதே குடும்பங்களைத் தேடிப்போய், மாறிய பிறகு என்ன ஆனது என்று கேட்பதுதான் எங்கள் வேலை. ராமக்காள் என்றொரு அம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, "அட்டையாலதான் எம்புருசன் பொழச்சாருங்க. ஆனா மூணு வாரம் ஆஸ்பத்திரியில ஒண்டியா கெடந்தனே, அதை எதுல எழுதுவீங்க?" என்றார். பதில்களைப் பதியும் டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

பென்னாகரம் பட்டியல் வந்தது. பதின்மூன்றாவது வீடு: கதிரவன், 36. மனைவி பிளசி, 31. பிள்ளைகள் இரண்டு.

என் தங்கை.

அப்பா பேச்சை மீறிப் பென்னாகரத்துக் கதிரவனைக் கட்டிக்கொண்டு போய் ஒன்பது வருடம். அவள் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றார் அப்பா. நானும் எடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளா? அதைக்கூட ஒரு பட்டியலைப் பார்த்துத்தானா தெரிந்துகொள்ள வேண்டும்?

ஜூன் 14

சொந்தக்காரர் வீட்டை நாங்கள் விசாரிக்கக்கூடாது. தெரியும். ஆனால் டேப்லெட்டோடு போய் நின்றால் கதவைத் திறக்காமலா இருப்பாள் —

ஜூன் 16, திங்கள்

சூப்பர்வைசர் அமுதவல்லியிடம் சொல்லிவிட்டேன். "நீங்க கேட்டா அது சர்வேக்கான பதிலா இருக்காது அருள்ராணி. அக்காவுக்குச் சொல்ற பதிலாத்தான் இருக்கும்" என்றார். அந்த வீட்டை என்னோடு வேலை செய்யும் சுசித்ராவுக்கு மாற்றினார். பென்னாகரம் வேலை முடியும்வரை நான் அந்தத் தெருப்பக்கம் போகக்கூடாது.

ஜூன் 18

சுசித்ரா போய்விட்டு வந்தாள். எப்படி இருக்கா என்று கேட்டுவிட்டேன். "கேக்காதீங்கக்கா, சொல்லக்கூடாது." பிறகு பையை மாட்டிக்கொண்டே, "மொகம் மட்டும் அப்படியே உங்க மொகந்தான்" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அப்பா, "பென்னாகரத்துல மழையா?" என்றார். தூறல் என்றேன். எதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாதா?

ஜூன் 27, வெள்ளி

பென்னாகரம் முடிந்தது. டேப்லெட்டை ஒப்படைத்துவிட்டு நேராகப் பிளசி வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு, "உள்ள வாக்கா" என்று கதவை அகலத் திறந்தாள்.

பெரியவளுக்கு இதயத்தில் ஓட்டையாம். போன வருடம் சேலத்தில் ஆபரேஷன். எல்லாம் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்துவிட்டதாம். சின்னவனோடு கதிரவன் வீட்டில். இவள் மட்டும் பன்னிரண்டு நாள் அங்கே.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே புள்ள."

"ஒன் நம்பர் மனப்பாடம்க்கா. காசு கேக்கத்தான் கூப்படறேன்னு நெனச்சிடுவீங்கன்னு பண்ணல." பிறகு சொன்னாள்: "அட்டை இல்லாம இருந்திருந்தா வந்திருப்பேன். அப்பா கால்லயே விழுந்திருப்பேன். வேற வழி இருந்திருக்காது."

நான் எழுந்துபோய்ப் பெரியவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 28

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த அட்டை இல்லாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். வூட்டுக்கு வந்திருப்பாளே என்று. எவ்வளவு கேவலம். பிள்ளை உயிரோடு ஓடி விளையாடுகிறது, நான் என்னத்த நெனக்கிறேன்? ஆண்டவரே.

ஜூலை 5, சனி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பிளசியைப் பார்த்தேன், அவள் மகளுக்கு இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது, சேலத்தில் திங்கட்கிழமை செக்கப், நானும் போகிறேன் என்று. ஆபரேஷன் என்றதும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு சாப்பிடவில்லை.

ஜூலை 7, திங்கள்

டாக்டர் எக்கோ ஸ்கேன் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். திரும்பும் பஸ்ஸில் பிளசி என் தோளில் சாய்ந்து தூங்கியே போனாள். ஒன்பது வருடத்துத் தூக்கம் போல.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அப்பா வாசலிலேயே இருந்தார்.

"புள்ள எப்படி இருக்குது?"

"நல்லா இருக்காப்பா."

"மறுபடியும் எப்ப வரச் சொல்லியிருக்காங்க?"

"ஆறு மாசம் கழிச்சு."

"அவ்வளவு நாளாவுமா?" என்றார்.

பிளசியை ஞாயிற்றுக்கிழமை இங்கே வரச் சொல்லட்டுங்களா என்று கேட்டேன். சரியென்று தலையாட்டினார்.