அப்பா மறுபடி குதிரை ஏறிய சேதி

போலீஸ் குடியிருப்பு,
மதுரை.
6-5-1983

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். பிலாய் வெயிலிலும் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டுக்காரருக்கு ஒருத்தி சேர்ந்திருக்கிறாள் என்பதைத் தவிர. பதறாதே. நாலு கால், செம்பட்டை நிறம், பெயர் லில்லி. உன் அப்பா மறுபடி குதிரை ஏறிவிட்டார்.

இதை அவரே உனக்கு எழுதுவதாகச் சொன்னார். இன்லண்டு லெட்டரை விரித்து வைத்துக்கொண்டு "அன்பு மகளுக்கு" என்று எழுதினார். அதோடு நிற்கிறது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே உட்கார்ந்துவிட்டேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் குதிரையிலிருந்து விழுந்து, கால் முறிந்து, பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்துக் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், நான் அவரை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் நிறுத்தினேன். இனி குதிரை ஏறமாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் செய்தார். குதிரைப் பிரிவை விட்டு ஸ்டோருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். தாலியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த மனிதர் அந்தச் சத்தியத்தைக் காத்த அழகு இருக்கிறதே! எழுமலையில் உன் மாமா கல்யாணம் முடிந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியபோது நானும் நீயும் மூட்டை முடிச்சும் குதிரை வண்டியில் வந்தோம், இவர் பின்னாலேயே நடந்து வந்தார். வண்டியும் குதிரையோடு சேர்த்திதானாம். தமுக்கம் பொருட்காட்சியில் ராட்டினத்து மரக்குதிரையில்கூட உட்கார மறுத்துவிட்டார். வண்டிக்காரர்களெல்லாம் இவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், கோபமும் வரும்.

இந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து வீட்டில் கேரட் காணாமல் போக ஆரம்பித்தது. இவர் கண்ணுக்கு நல்லதென்று டாக்டர் சொன்னதால் வாங்கி வைப்பேன். சாயங்காலம் பார்த்தால் கூடையில் இருக்காது. சட்டையைத் துவைக்க எடுத்தால் பழைய வாசனை, கொள்ளும் வியர்வையும் கலந்த வாசனை. எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் பொய் சொல்ல வராமல் திண்டாடுவார் என்று கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டு ஒச்சாயிதான் போட்டு உடைத்தாள். "ஏக்கா, ரிட்டையர் ஆகுறதுக்குள்ள மறுபடி குதிரைக்கு வாரீரான்னு இன்ஸ்பெக்டரு அண்ணனைக் கேட்டாராமே. வீட்டுல சத்தியம் இருக்குதுய்யான்னு சொல்லிட்டாராம். எங்க வீட்டுக்காரரு பக்கத்துலதேன் நின்னாராம். அண்ணன் மொகத்தைப் பாக்க முடியலன்னு சொன்னாரு" என்றாள்.

எனக்குக் குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா பார். சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு கேரட்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளிடம் என்ன செய்வது? அன்று ராத்திரி அவர் தூங்கும்போது முறிந்த காலைத் தொட்டுப் பார்த்தேன். வளைந்துதான் கூடியிருக்கிறது. அதைப் பார்த்தால் விட மனசில்லை. முகத்தைப் பார்த்தால் பிடித்து வைக்க மனசில்லை. ஒரு வாரம் இப்படியே ஓடியது.

அடுத்த சனிக்கிழமை அழகரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கிளப்பினேன். அப்பாவியாகத் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார். கோவிலுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே நான் பதினெட்டாம்படி வாசல் பக்கம் திரும்பினேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. கேரட்டுக்கும் ஒரு சத்தியம் வாங்கப்போகிறேன் என்று நினைத்தாராம்!

பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். சத்தியம் வாங்கினவளே விடவேண்டும், செய்தவரும் கூட நிற்கவேண்டும், அன்றைக்குக் கையால் அணைத்த சூடத்தை இன்றைக்குத் தானாக எரிந்து தீர விடவேண்டும் என்றார். சூடத்தை ஏற்றி வைத்து, "நான் வாங்கின சத்தியத்தை விட்டுட்டேன் சாமி" என்றேன். வேலை முடிந்தது என்று பார்த்தால், உன் அப்பா சூடத்துக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அணைத்துவிடுகிற மாதிரி!

"பாண்டியம்மா, மனசாரச் சொல்றியா? எனக்காகச் சொல்லாத. இங்கன நின்னு பொய் சொல்லக் கூடாது, பாத்துக்க" என்றார்.

கருப்பு குடியிருக்கும் அந்தச் சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால் நின்று பொய் சொல்கிற துணிச்சல் நம் பக்கத்தில் எவருக்கு உண்டு? பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். "பயம் அம்புட்டும் அப்படியே இருக்கு. நான் சாகுற வரைக்கும் போகாது. ஆனா நீங்க தரையிலயே நடந்து வாடுறத இதுக்கு மேல பாக்க முடியல. பயத்தோடதேன் விடுறேன்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூசாரி, "கருப்புக்கு இது போதும் தாயி" என்றார். உன் அப்பா கையை இழுத்துக்கொண்டார். சூடம் எரிந்து தீரும் வரைக்கும் இரண்டுபேரும் அங்கேயே நின்றோம். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மதுரைக்குத் திரும்பி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோமா, ஓடிப்போய் ஒரு குதிரை வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். நடந்தே வந்துவிடலாம், அதற்கு ஒரு வண்டி! முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் ஏறிக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். குடியிருப்பே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக் குதிரைப் பிரிவுக்குத் திரும்பி, அவர் முதல்நாள் லில்லிமேல் ஏறியபோது நான் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். மத்தியானம் வந்தார். இரண்டு காலும் கவட்டை மாதிரி விரிந்திருக்கிறது, உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, முகத்தில் மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் களை. ஏறுவதற்கு ஸ்டூல் போட்டார்களாம், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்த உப்புக் குழம்பை நின்றுகொண்டே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்குக் கைமணம் பிரமாதம் என்றார். ராத்திரி தைலம் தேய்த்துத் தேய்த்து என் கை எரிந்தது. எல்லாம் உங்கள் லில்லியைத் தேய்க்கச் சொல்லுங்கள் என்று திட்டினேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு அவரை ஆற்றங்கரையில் குதிரையோடு நிறுத்தினார்கள். இதற்கு நான் போனேன். விடியுமுன்னே ஒச்சாயியையும் இழுத்துக்கொண்டு போய் யானைக்கல் பக்கம் இடம் பிடித்தேன். அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்க வருகிறார், அத்தனை சனமும் கோவிந்தா போடுகிறது. பாவி நான் மட்டும் வேறு குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் கூட்டமாக ஓடிவந்ததில் லில்லி மிரண்டு முன்காலைத் தூக்கிவிட்டது. நான் ஒச்சாயி கையைப் பிடித்த பிடியில் அவள் வளையல் உடைந்தது. உன் அப்பா அசையவில்லை. குனிந்து அதன் காதில் என்னவோ சொன்னார். கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. அப்புறம் நிமிர்ந்து மீசையைத் தடவிக்கொண்டார் பார், நான் அவருக்குக் கழுத்தை நீட்டியபோது இருந்த அதே மிடுக்கு. கூட்டத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன், அழுகையும் சேர்ந்து வந்தது. சாமி வந்து போனதை ஒச்சாயி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இனி உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அவர் விழுந்த அன்று மத்தியானச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு குதிரைப் பயிற்சி மைதானத்துக்குப் போனது நீ. எல்லாவற்றையும் வேலியோரம் நின்று பார்த்தாய். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியாகவே போனாய். ஏன் என்று நான் கேட்டதே இல்லை, கேட்டால் அழுதுவிடுவாயோ என்று. எனக்காவது கோவிலுக்குப் போய் அவரைக் கட்டிப்போட ஒரு வழி இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை நீ என்ன செய்திருப்பாய்?

தீபாவளிக்கு வரும்போது மாப்பிள்ளையை நாலு நாள் கூடுதலாக லீவு போடச் சொல். ஒரு காலையில் என்னோடு மைதானத்துக்கு வா. கிட்டே போகவேண்டாம், வேலிக்கு இந்தப் பக்கமே நிற்போம், நான் உன் கையை விடமாட்டேன். நீ கடைசியாகப் பார்த்தது அவர் மண்ணில் கிடந்ததை. அவர் மேலே உட்கார்ந்திருப்பதையும் ஒரே ஒருதரம் பார்த்துவிட்டுப் போ தாயே.

பூவும் பொட்டுமாக, மனசு குளிர நீ நூறு வருஷம் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
பாண்டியம்மாள்